செய்ந்நன்றியும் நடுவுநிலைமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். வாணிக நுட்பமும் கம்பெனி நடைமுறையும் எம்மினும் நன்கறிந்தார் இவ்வவையில் பலர் உளர். அவர்கள் எம் சொல்லிற் குறை காணின் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

செயலாளரவர்கள் எமக்கு விடுத்த கடிதத்தில், சங்கத்தின் கல்வி நிதியாற் படித்த இளைஞர் பலர் இவ்வாண்டு உத்தியோகத்தில் அமரப் போகின்றனர் என்றும், அவர்கட்கு நன்றி மறவாமை பற்றி எடுத்துரைத்தல் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். யாமும் இசைந்தோம். ஆயினும், நன்றி மறத்தலால் வரும் கேட்டினைப் பள்ளிச் சிறுவனும் ஒப்பிப்பான். நன்றியை அளவு கடந்து பாராட்டுதலால் வரும் கேடு ஒன்று உண்டு. அதனைப் பேசுவார் அரியர். அதுவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒருவன் தன் முதலாளியின் பெட்டியிலிருந்து நூறு ரூபாயை மறைத்து எடுத்தானாயின் அவனைத் திருடன் என்கின்றோம். அவனே, வாங்க வந்தவரை ஏமாற்றி முதலாளியின் பெட்டிக்குள் நூறு ரூபாயைக் கொண்டு சேர்த்தானாயின் அவனை என்னென்று அழைக்கின்றோம்? கெட்டிக்காரன் என்கின்றோம்; விசுவாசி என்கின்றோம்; சில இடங்களில் சம்பளமும் கூட்டிக் கொடுக்கின்றோம். இரண்டிடத்தும் பிறர் பொருள் கவரப்பட்டது. முதலாவது செயலுக்குப் பெயர் உண்டு. இரண்டாவதற்கு நம் நாவில் பெயரே இல்லை. பெயரில்லாத பிழையை மனம் பிழையென்று உணர்வதும் இல்லை.

தனக்கென ஒரு காசும் வேண்டாதவன், தன் வீட்டிற் பொய் சொல்லாதவன், கோயிலுக்கும் குலத்துக்கும் வழுவாது நடப்பவன், தன் முதலாளிக்காக மட்டும் பொய்க் கணக்கு எழுதுகின்றான். காலம் கடந்த சரக்கின் மேல் புதிய சீட்டினை ஒட்டுகின்றான். வங்கியில் அமர்ந்து, விவரம் அறியா முதியவர் தலையில் வேண்டாத காப்பீட்டுப் பத்திரத்தைக் கட்டுகின்றான். நல்லவன் ஏன் இவ்வாறு செய்கின்றான்? இவ்வினாவுக்கு விடை காண உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றை முதலிற் சொல்லுவோம்.

ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வாகன் என்னும் மோட்டார் கம்பெனியை அறியாதார் இலர். அக்கம்பெனியார் அமெரிக்காவில் டீசல் மோட்டார்களை மிகுதியாக விற்க விரும்பினர். அந்நாட்டிலோ, வண்டியின் புகையில் நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயு இத்துணைக்கு மேல் இருத்தலாகாது என்னும் சட்டம் மிகக் கடுமையானது. 2006-ஆம் ஆண்டளவில், அச்சட்டத்துக்கும் அடங்கி, வாங்குவோர் விரும்பும் வேகமும் விலையும் பொருந்திய எஞ்சினைத் தம்மாற் செய்ய இயலாதென்பதை அங்கிருந்த பொறியாளர் சிலர் கண்டுகொண்டனர். கண்டவர் மேலோரிடம் சென்று 'இயலாது' என்று சொல்லி முடித்திருத்தல் வேண்டும். அவர்கள் வேறொன்று செய்தனர்.

வண்டியின் உள்ளிருக்கும் கணினிக்கு ஒரு தந்திரம் கற்பித்தனர். சோதனைச் சாலையில் வண்டி உருளைகளின் மேல் ஓடும், சக்கரங்கள் சுழலும், ஆனால் திருப்புவளையம் அசையாது. இத்தகைய குறிகளைக் கொண்டு, 'இப்பொழுது நம்மைச் சோதிக்கின்றனர்' என்று கணினி அறிந்துகொள்ளும். அறிந்த அளவிலே புகையைத் தூய்மை செய்யும் கருவிகளை முழுவதும் இயக்கும். வண்டி வீதிக்கு வந்ததும் அவற்றைத் தளர்த்திவிடும். அங்ஙனம் தளர்த்திய நிலையில், சட்டம் அனுமதித்த அளவினும் 40 மடங்கு வரை நச்சு வாயு வெளிவந்ததென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் பின்னர் அறிவித்தனர். பரீட்சை அதிகாரி வரும் நாளில் மட்டும் ஒழுங்காக அமரும் வகுப்பினை எம் போன்ற ஆசிரியர்கள் நன்கறிவோம். அவ்வொழுங்கை இங்கே ஓர் இயந்திரத்துக்குப் புகட்டினர்.

இது வெளிப்பட்ட விதம் வியப்புக்குரியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறு குழுவினர், வண்டிகளைச் சோதனைச் சாலையில் அன்றி நெடுஞ்சாலையிலேயே ஓட்டிப் புகையை அளந்தனர். அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்னும் தமிழ்ப் பெயருடையாரும் ஒருவர். அவர்கள் குற்றம் காணப் புறப்பட்டவர் அல்லர். அமெரிக்காவில் ஓடும் டீசல் வண்டிகள் தூயனவென்று காட்டுதற்கே அவ்வாராய்ச்சி தொடங்கப்பட்டது. அளந்த மூன்று வண்டிகளுள் வேறொரு கம்பெனியின் வண்டி பெரும்பாலும் சட்டத்துக்கு அடங்கி நின்றது. வோக்ஸ்வாகன் வண்டிகளுள் ஒன்று 15 முதல் 35 மடங்கும், மற்றொன்று 5 முதல் 20 மடங்கும் மிகுதியாக நச்சினைக் கக்கின. 2014-ஆம் ஆண்டு இவ்வறிக்கை வெளிவந்தது. அதிகாரிகள் வினவத் தொடங்கினர். ஓராண்டுக்கு மேல் ஏதேதோ காரணம் கூறி மறைத்த கம்பெனியார், 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் உண்மையை ஒப்புக்கொண்டனர். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இத்தந்திரம் இருந்தது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2017-ஆம் ஆண்டு கம்பெனியே அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்பி, 430 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. எல்லாச் செலவும் கூடி 3,000 கோடி யூரோவுக்கு மேற்பட்டது.

இனி யாம் உங்கள் கருத்தை ஈர்க்க விரும்புவது பணக் கணக்கின்மேல் அன்று. இதில் அகப்பட்ட ஊழியர்மேல். ஜேம்ஸ் லியாங் என்னும் பொறியாளர் 1983-ஆம் ஆண்டு முதல் அக்கம்பெனியிற் பணி புரிந்தவர். மூன்று பதிற்றாண்டு ஒரே இடத்தில் உழைத்தவர். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர், முதலாளியிடத்து வைத்த தவறான விசுவாசத்தாலேயே அவர் இதனைச் செய்தாரென்று கூறினார். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி அவருக்கு 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் தண்டமும் விதித்தார். அரசாங்க வழக்கறிஞர் கேட்டதோ மூன்றாண்டே. நீதிபதி அதனினும் மிகுத்து விதித்தார். ஆலிவர் ஷ்மிட் என்னும் மற்றொரு அதிகாரிக்கு அவ்வாண்டு டிசம்பரில் ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அவர் நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில், தம் கம்பெனியே தம்மைத் தவறாகப் பயன்படுத்திக்கொண்டதாகத் தாம் உணர்வதாகக் குறிப்பிட்டார். எவர்க்காக அதிகாரிகள் முன்னிலையில் பொய்யுரைத்தாரோ அவரைப் பற்றியே இறுதியில் அவ்வாறு எழுத நேர்ந்தது! 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியிலும் முன்னாள் ஊழியர் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர்.

சிலர், 'அச்சத்தினாற் செய்திருப்பர், வேலை போய்விடுமே!' என்பர். அச்சத்தாற் செய்வோரும் உளர். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்னும் பெரிய வங்கியில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் எட்டுக் கணக்குகள் சேர்த்தல் வேண்டுமென ஊழியரை நெருக்கினர். நெருக்குண்ட ஊழியர், வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தனர். 2016-ஆம் ஆண்டு இது வெளிப்பட்ட பொழுது ஏறத்தாழ 5,300 ஊழியர் வேலை நீக்கப்பட்டிருந்தனர். இராவணனுக்கு அஞ்சி மாயமானாகிய மாரீசன் வழி இஃது. அஞ்சிச் செய்வோன் தான் செய்வது பிழையென அறிந்தே செய்கின்றான்; அவன் நெஞ்சு அவனைச் சுடும். நன்றியாற் செய்வோனுக்கோ நெஞ்சும் சுடுவதில்லை. 'கடமை ஆற்றினோம்' என்று இரவிற் சுகமாக உறங்குவான். ஆதலின் பின்னையதே பெரிய நோய்.

இஃது எமது கற்பனை அன்று. எலிசபெத் அம்ஃபிரஸ், ஜான் பிங்காம், மரீ மிட்செல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 2010-ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். நிறுவனத்தின் நன்மைக்காகத் தவறு செய்வோர் எத்தகையர் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. 'இது என் நிறுவனம்' என்னும் பற்று மட்டும் இருந்தால் அது தவறுக்கு இட்டுச் செல்லவில்லை. அப்பற்றோடு, 'எனக்கு நன்மை செய்தார்க்கு நான் நன்மை செய்தே தீர வேண்டும்' என்னும் உறுதியும் மிக்கிருந்தவரே தவறு செய்ய முற்பட்டனர். அன்பர்களே! இரண்டாவதாகச் சொன்ன உறுதிக்கு நம் மொழியிற் பெயர் யாது? செய்ந்நன்றி அறிதல்! நம் அன்னையர் பாலொடு ஊட்டிய அறம்! எந்தக் குணத்தை நம் பிள்ளைகளுக்கு முதன்மையாகக் கற்பிக்கின்றோமோ, அந்தக் குணத்தின் வாயிலாகவே இக்கேடு நுழைகின்றது.

நம் காவியங்கள் இதனை அறியாதன அல்ல. செஞ்சோற்றுக் கடன் என்றவுடன் கர்ணனை நினைக்கின்றோம், கண்ணீர் வடிக்கின்றோம். அவன் களத்தில் உயிர் கொடுத்ததை நினைக்கும் நாம், சூதாடிய சபையில் அவன் வாய்ச்சொல்லை நினைப்பதில்லை. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அந்நாளில், துரியோதனன் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து, 'இது முறையன்று' என்றான். அவனை அதட்டி அமர்த்தியவன் யார்? நன்றி மறவாத கர்ணனே! உடன்பிறந்தான் கண்ட நீதியைச் சோறுண்டான் காணவில்லை. நன்றி அவன் கண்ணை மறைத்தது.

கும்பகருணன் ஒரு படி உயர்ந்தவன். அவன் தன் தமையனுக்கு, 'சீதையை விடுக. இது தகாது' என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தான். தமையன் கேளாதபொழுது, வளர்த்த கைக்கு உயிரைக் கொடுத்தான். கொடுத்தது தன் உயிரை. தன் முதலாளிக்காகத் தன் உயிரையோ, உறக்கத்தையோ, உழைப்பையோ ஒருவன் கொடுத்தல் அவனுக்குரியதைக் கொடுத்தலாம். வாங்க வந்தவரின் காசையும் வழியிற் செல்வோரின் மூச்சினையும் எடுத்துக் கொடுத்தல் அவ்வாறு ஆகுமோ? பிறர் பொருளாற் கடன் அடைத்தவன் கடன் அடைத்தவனாகான். புதிய கடன் ஒன்று பட்டவனாவான்.

ஈண்டு எமது வாழ்க்கையிற் கண்ட ஒன்றினைக் கூறாது மேற்செல்லுதல் எமக்கே நேர்மையாகத் தோன்றவில்லை. பிறர் குற்றம் பேசுதல் எளிது. யாமும் இக்குற்றம் செய்தோம்.

புலவர் பட்டம் பெற்று ஈராண்டு வேலையின்றித் திரிந்த எம்மை அழைத்துத் தமிழாசிரியராக அமர்த்தியவர் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். அன்னையார்க்கு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்த காலத்து, யாம் கேளாமலே மருத்துவமனைக்குப் பணம் கட்டியவரும் அவரே. அப்பள்ளிக்கு ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் பெயர் இருந்தது. வாயிலில் அதனைப் பெரிய பலகையில் எழுதியிருப்பர். ஓராண்டு, ஒன்பதாம் வகுப்பின் இறுதியில், தாளாளர் எம்மை அழைத்து மதிப்பெண் பட்டியலை எம் கையில் தந்து, 'ஐயா! பள்ளியின் பெயர் உங்கள் கையில் இருக்கிறது' என்றார். அவ்வளவே. இன்னது செய்க என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அப்பட்டியலின் அடியில் ஒரு மாணவன் பெயர் இருந்தது. கணக்கில் அவன் மிகவும் பின்தங்கியவன். தமிழோ, முத்துக் கோத்தாற்போல எழுதுவான். அவன் தந்தையார் லாரிகளில் மூட்டை சுமப்பவர். அவரை வரவழைத்து, 'பையனுக்கு இப்பள்ளிப் பாடம் பாரமாக இருக்கிறது; மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியிற் சேர்த்தால் அவனுக்கு நல்லது' என்று இனிமையாக எடுத்துரைத்தோம். அவர் ஒரு வினாவும் வினவாமல், 'ஐயா சொன்னாச் சரிங்க' என்று யாம் காட்டிய இடத்திற் கையெழுத்திட்டார். அவ்வாண்டும் பலகையில் நூற்றுக்கு நூறு என்று எழுதப்பட்டது. தாளாளர் எம் தோளைத் தட்டினார். அன்றிரவு யாம் நன்றாக உறங்கினோம்.

நான்காண்டு கழித்து, பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு பழுது பார்க்கும் பட்டறையில் அப்பையனைக் கண்டோம். கையெல்லாம் கரியெண்ணெய். எம்மைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவன் முகத்திற் சினம் சிறிதும் இல்லை. வேறு பள்ளியிற் சேரவில்லையா என்று வினவினோம். 'அதோட நின்னுட்டேன் ஐயா; எனக்குப் படிப்பு வராதுன்னு நீங்களே சொன்னீங்களாமே, அப்பா சொன்னாரு' என்றான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த முறை அப்பட்டியலை வாங்க மறுத்தோம். வேறோர் ஆசிரியர் வாங்கிக்கொண்டார். ஈராண்டுக்குப் பின் யாம் அப்பள்ளியை விட்டு நீங்கினோம். ஆயினும், மறுத்த பொழுதும் தாளாளர் முன் நின்று, 'இது தவறு' என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அவர் கட்டிய மருத்துவமனைப் பணம் எம் நாவின்மேல் இருந்தது.

பின்னர் இதனை எண்ணி எண்ணிப் பார்த்ததில், எம் கண்ணை மறைத்தவை மூன்று திரைகள் என்று கண்டோம். வோக்ஸ்வாகன் பொறியாளர் கண்ணை மறைத்தவையும் அவையே எனத் துணிகின்றோம்.

முதல் திரை சொல். யாம் 'பையனை வெளியேற்றினோம்' என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. 'அவனுக்கு ஏற்ற இடம் காட்டினோம்' என்றே சொல்லிக்கொண்டோம். அக்கம்பெனியின் உள்ளேயும் அத்தந்திரத்தை ஏமாற்று என்று எவரும் அழைத்திலர். ஒலியைப் பற்றிய ஒரு தொழிற்பெயராலேயே அது வழங்கிற்று. கடைகளில் 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்கின்றோமே, அச்சொல்லும் இவ்வினத்தது. நஞ்சுக்கு மருந்துப் பெயர் வைத்தால் குடிப்பது எளிதாகின்றது.

இரண்டாம் திரை பங்கு. பட்டியல் தந்தவர் தாளாளர், பேசியவர் யாம், கையெழுத்திட்டவர் தந்தை, சான்றிதழ் எழுதியவர் எழுத்தர். முழுப் பாவத்தையும் ஒருவரும் செய்யவில்லை. ஆகவே ஒருவர்க்கும் பாவம் இல்லையென்று நால்வரும் எண்ணினோம். பல கை சுமந்தால் மூட்டையின் எடை குறையும். பழியின் எடை குறையாது.

மூன்றாம் திரை தூரம். நன்மை பெறுவோன் எதிரில் நிற்கின்றான், தோளைத் தட்டுகின்றான். துன்புறுவோனோ கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றான். வீதியிற் பரந்த நச்சுப் புகையை எந்தக் குழந்தை சுவாசித்தது என்பதை அப்பொறியாளர் கண்டாரல்லர். எமக்கோ, நான்காண்டு கழித்துக் காட்சி கிடைத்தது. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

இனி, இந்நோய்க்கு மருந்து எங்கே? தமிழ் படித்த எமக்குத் திருவள்ளுவர் திருமுன்னன்றி வேறு போக்கிடம் இல்லை. நூலின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அதனை அடுத்துப் பன்னிரண்டாவதாக நிற்பது எது? நடுவுநிலைமை! இவ்வைப்பு முறை தற்செயலாக அமைந்ததன்று என்பது பரிமேலழகர் கருத்து. பகைவர், நட்பினர், அயலார் என்னும் மூவரிடத்தும் ஒருவன் நடுவு நிற்கக்கூடும்; தனக்கு நன்மை செய்தவனிடத்து, அந்நன்மையை நினைக்குங்கால் அவன் நடுவுநிலை குலைந்துவிடும்; அவ்விடத்தும் குலையலாகாது என்று அறிவுறுத்தற்கே நன்றியதிகாரத்தின் பின் இதனை வைத்தார் என்பது அவ்வுரையாசிரியர் காட்டும் நயம். அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2010-இல் அளந்து கண்ட ஆபத்தினை, பல நூற்றாண்டுகட்கு முன்னமே நம் உரையாசிரியர் அதிகார வைப்பில் வைத்துக் கண்டார். யாம் மாணவர்க்கு இருபது ஆண்டு இவ்விரண்டு அதிகாரங்களையும் கற்பித்தோம். இரண்டுக்கும் இடையிலுள்ள வாயிலை எமக்குத் திறந்து காட்டியவன் அப்பட்டறைப் பையனே.

இன்னும் ஒன்று. செயல் தூயதாக இருத்தல் வேண்டும் என்று கூறும் வினைத்தூய்மை அதிகாரத்தை வள்ளுவர் எங்கே வைத்தார்? அரசனுக்குரிய அதிகாரங்களுள் வைத்தாரல்லர். அமைச்சனுக்குரிய அதிகாரங்களுள் வைத்தார். அமைச்சன் யார்? பிறனுக்காகச் செயல் ஆற்றுபவன். இக்காலத்து மொழியிற் சொன்னால் ஊழியன். தனக்காகச் செய்வோனினும், தலைவனுக்காகச் செய்வோனுக்கே தூய்மை தவறும் இடர் மிகுதி என்று கண்டார் போலும்! பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யற்க என்பது அவ்வதிகாரத்துக் கருத்து. தாயின் பசிக்கே விலக்கு இல்லையெனின், முதலாளியின் லாபத்துக்கு விலக்கு எங்கிருந்து வரும்? தலைவன் அறியாமையால் தள்ளினும் அவனுக்கு நன்மையானதை எடுத்துச் சொல்லுதல் அருகிருப்பவன் கடமை என்பதும் அமைச்சு என்னும் அதிகாரத்தில் உண்டு. ஆக, உண்ட சோற்றுக்கு உண்மையான கைம்மாறு, தலைவன் குழியில் விழுமுன் 'குழி' என்று கூவுதலே. 2006-ஆம் ஆண்டில் அப்பொறியாளருள் ஒருவர் மேலிடத்தில் உரக்க மறுத்து நின்று, அவர் சொல் கேட்கப்பட்டிருக்குமாயின், அக்கம்பெனிக்கு 3,000 கோடி யூரோ மிஞ்சியிருக்கும். அதனினும் பெரிய நன்றி உண்டோ?

இளைஞர்களே! நீங்கள் நாளை ஒரு மேசையின் முன் அமரும்பொழுது, உங்கள் கைக்கு ஒரு காகிதம் வரும். அதிற் கையெழுத்திடுமுன் ஒன்று செய்க. அதனாற் பாதிக்கப்படுவோன் உங்கள் மேசைக்கு எதிரில் நாற்காலியில் அமர்ந்திருப்பதாக எண்ணுக. செய்யப்போவதை அவனிடம், அலங்காரச் சொல் இன்றி, வெறுஞ்சொல்லால் சொல்ல முடியுமா என்று பார்க்க. முடியுமாயின் செய்க. முடியாதாயின், உங்கள் மேலோரிடம் பணிவோடு சென்று, 'ஐயா! தங்கள்பால் நன்றி உடையேன். ஆதலாலேயே இதனைச் செய்யேன்' என்க.

முதலாளிகளாகிய பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் குலத்தவர் ஓர் ஊரிற் கடை வைத்தால், சொந்த ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்று, உண்ண உணவும் உறங்க இடமும் தந்து, தொழிலும் பழக்கி விடுதல் நெடுநாள் வழக்கம். அது நம் குலத்துக்கு அணி. ஆனால் அவ்வழக்கத்திலேயே ஆபத்தும் உண்டு. அயலானிடத்து வேலை செய்வோன் சம்பளத்துக்கு மட்டும் கடன்பட்டவன். மாமனிடத்தும் சிற்றப்பனிடத்தும் வேலை செய்வோன், சோற்றுக்கும், தங்கையின் திருமணத்துக்கும், தன் பெயருக்கும் கடன்பட்டவன். அவன் எப்படி 'மாட்டேன்' என்பான்? அவனால் இயலாதென்பதை அறிந்த நீங்களே அவனைக் காத்தல் வேண்டும். 'எப்படியாவது முடித்துவிடு' என்னும் வார்த்தையை உங்கள் நாவிலிருந்து நீக்குக. அவ்வொரு சொல்லில் ஆயிரம் பிழைக்கு அனுமதி இருக்கின்றது. முடிக்க வேண்டியதைச் சொல்லும்பொழுது முடிக்கும் வழியையும் சொல்லுக. கெட்ட செய்தி கொண்டு வருபவனைக் கடியற்க. செய்த உதவியைச் சொல்லிக் காட்டற்க. சொல்லிக் காட்டிய உதவி விலங்காக மாறும்.

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். படிப்பதற்கு நிதி வைத்திருக்கின்றோம். திருமணத்துக்கு நிதி வைத்திருக்கின்றோம். தகாத செயலைச் செய்ய மறுத்ததனால் வேலை இழந்து வரும் நம் பிள்ளை ஒருவனுக்கு, மறுவேலை கிடைக்கும் வரையில் ஆறு மாதம் உணவுக்கும் வாடகைக்கும் உதவ ஒரு சிறு நிதி வைப்போமாக. 'மறுத்தால் பட்டினி' என்னும் நிலையில் நின்று அறம் பேசச் சொல்லுதல், நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளி அறிவுரை கூறுதலை ஒக்கும். இந்நிதிக்கு எமது முதற் பங்காக ஒரு மாதச் சம்பளத்தை இன்றே பொருளாளரவர்களிடம் தருகின்றோம். இது கொடை அன்று. ஒரு மூட்டை தூக்கும் தந்தையார், யாம் காட்டிய இடத்தில் நம்பிக் கையெழுத்திட்டார். அவர்க்கு யாம் பட்ட கடனில் ஒரு சிறு தவணை.